ஒரு கோல்கூட வாங்காத அணி

புதுப்பட்டினத்தில் கோடைதோறும் நடக்கும் எழுவர் கால்பந்துப் போட்டியின் சுழற்கோப்பையை எங்கள் தெரு அணி தொடர்ந்து இரண்டு முறை வென்றிருந்தது. மூன்றாம் முறையும் வென்றால் கோப்பை எங்களுக்கே சொந்தம். அந்த விதியை எழுதிக் கொடுத்தவன் நான். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றாலும் விதி எழுதிய கை சும்மா இருப்பதில்லை. இந்த ஆண்டு போட்டி தொடங்குமுன்பே படிப்பகத்தில் கோப்பைக்குக் கண்ணாடி அலமாரி செய்துவிட்டார்கள். வாழ்த்து பேனரும் அடித்தாகிவிட்டது. ஆட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதைக் கடைசிவரை அவர்கள் செய்யவில்லை.

முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரர் ஒருவர் தன் வலைக்குள்ளேயே பந்தை உதைத்துத் தந்ததில் ஜெயித்தோம். இரண்டாவது, கோலே இல்லாமல் முடிந்தது. மூன்றாவது திருப்போரூர் அணியுடன். பிரிவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே அரையிறுதி. இருவருக்கும் புள்ளிகள் சமம், கோல் வித்தியாசமும் சமம். ஆனால் அவர்கள் மூன்று கோல் அடித்திருந்தார்கள். நாங்கள் ஒன்று, அதுவும் இரவல். எல்லாம் சமமானால் அதிக கோல் அடித்தவரே மேலே போவார் என்பது ஏழாவது விதி. ஆகவே நாங்கள் ஜெயித்தே தீர வேண்டும்.

கடல்காற்று முதுகில் பிடித்துத் தள்ளிய பின்பாதியிலும் எங்கள் ஆட்கள் பந்தைப் பின்னுக்கே அனுப்பினார்கள். எங்கள் கோல்கீப்பருக்கு எதிரணியைவிட எங்களிடமிருந்துதான் அதிகம் பந்து வந்தது. முன்னால் நின்றவர் இடுப்பில் கைவைத்து, மனை அளக்க வந்த சர்வேயர் போல மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோல் அடியுங்கள் என்று ஓரக்கோட்டிலிருந்து இருமுறை கத்தினேன். கேப்டன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கோலின்றியே கடைசி விசில் ஒலித்தது. எங்கள் ஆட்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். திருப்போரூர்க்காரர்களும் கொண்டாடியபோதுதான் கேப்டனுக்குச் சந்தேகம் வந்தது. என்னிடம் வந்தார்.

"இன்னா சார், நாம ஒரு கோல்கூட வாங்கலியே. வாங்காத டீமுதான சார் மேல போவும்?"

'நான் எதையும் வாங்கவில்லை' என்பதையே தகுதியாகச் சொல்லிக்கொண்டு, மேசையிலிருந்து ஒரு கோப்பையும் நகர்த்தாமல் பணி முடித்தவர்களோடு முப்பது ஆண்டு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். ஏழாவது விதியை நிதானமாகச் சொன்னேன்.

"அப்பீலு எதுனா கீதா சார்?"

"இருக்கு. அரை மணிக்குள்ள எழுத்துல தரணும். ரெஃப்ரி மேல தரலாம், மைதானத்து மேல தரலாம். சொந்த டீம் மேல தர வழியில்லை."

சென்ற ஆண்டு வென்ற அணி கோப்பையைத் துலக்கி, இறுதியாட்டத்துக்கு முந்தின நாள் ஒப்படைக்க வேண்டும் என்பதும் என் விதிதான். அந்த வேலைக்கு ஏழு பேரும் வந்தார்கள். மைதானத்தில் காட்டாத வேகத்தில் புளி போட்டுத் தேய்த்தார்கள்.

அலமாரியில் இப்போது பேனரை மடித்து வைத்திருக்கிறார்கள். பூட்டும் போட்டிருக்கிறார்கள்.