சாந்தாமணி வீட்டு நாற்காலி

தாராபுரத்துக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில், இரும்புத் தகடுகளைப் போல்ட் போட்டுப் பூட்டிய வீட்டுக்குள் நிற்கிறேன். அந்தக் காலத்தில் ஏதோ மில் தன் ஊழியர்களுக்காகப் போட்டுக்கொடுத்த வீடு. மில் மூடியபோது தோப்புக்காரர் சாந்தாமணியின் குடும்பம் அதை வாங்கி, கழற்றி வந்து, இங்கே மறுபடி பூட்டியிருக்கிறது. உள்ளே தேங்காய்க் குவியலுக்கு நடுவே, அந்த வீட்டுக்கென்றே செய்த நாற்காலி. வளைத்த தகட்டுக் கால்கள், பிளைவுட் முதுகு. பழைய நாற்காலிகளைத் தேடி வாங்குகிற நான் இதற்காகத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். வாங்காமல் போவதாக இல்லை.

"குடுக்க முடியாதுங்க," என்கிறார் சாந்தாமணி. "செவுத்துக்கும் இதுக்கும் ஒரே அளவு போல்ட்டுங்க, கடையில கெடைக்காது. செவுத்துல ஒண்ணு துருப்பிடிச்சு உழுந்தா, இதுல இருந்துதான் கழட்டிப் போடறேன்."

குனிந்து பார்க்கிறேன். முதுகுப் பலகை இரண்டே போல்ட்டில் நிற்கிறது.

"லேத்துல கடைஞ்சுக்கலாமே?"

"நாலஞ்சு போல்ட்டுக்கு எவனுங்க மெசினு ஓட்டுவான்?"

"வீடு முழுக்கத் தேவையானதை நான் கோயமுத்தூர்ல கடைஞ்சு கொண்டுவரேன், அப்ப நாற்காலியைக் குடுங்க. மாதிரிக்கு ஒண்ணு குடுங்க."

அவர் ஸ்பேனரை எடுக்கிறார். சுவர்ப் பக்கம் போகாமல், நாற்காலியிலிருந்தே ஒன்றைக் கழற்றி என் கையில் வைக்கிறார். பலகை ஒரு பக்கமாகச் சாய்கிறது.

"ஆடிக்காத்துக்கு முந்தி வந்துருங்க," என்கிறார். "இல்லீன்னா மிச்சமிருக்கறதையும் கழட்டோணும்."