இப்போது எங்கள் முறை

எண்பதுகளின் நடுவில் நான் கோல்டிங் என்ற டேனிஷ் நகரத்தில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பையன் ஒருநாள் தன் அழிறப்பரால் என் கையைத் தேய்த்துப் பார்த்தான். நிறம் போகவில்லை. "நீங்கள் எப்போது வீட்டுக்குத் திரும்பிப் போவீர்கள்?" என்று கேட்டான். கெட்ட பையன் இல்லை. ஆனால் தினமும் கேட்டான். மற்றப் பிள்ளைகளும் பதிலுக்காக என் வாயைப் பார்த்தார்கள். பதில் இல்லாமல் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா கோபிப்பார் என்று நினைத்தேன். வெங்காயம் வெட்டியபடியே சிரித்தார்.

"முந்தி இவையின்ர ஆக்கள் கப்பலிலை தரங்கம்பாடிக்கு வந்தவை. எங்கட கடலுக்கு அங்காலை, அதுவும் தமிழ்ச் சனம் இருக்கிற இடம். வெள்ளைத் தோலைக் கண்டிட்டு ஆரும் தேய்ச்சுப் பாத்தவையோ?"

"எத்தினை நாள் நிண்டவை?"

"நாளோ! கோட்டையும் கட்டி, இருநூறு வருசத்துக்கு மேலை இருந்தவை. இப்ப எங்கட முறை எண்டு சொல்லு."

அம்மா பகிடியாகச் சொன்னார். நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒருவர் நம் வீட்டுக்கு வந்தால் நாமும் அவர் வீட்டுக்குப் போகவேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். வந்து ஒரு வருடமாகியும் இந்த நாட்டுக்கு நாங்கள் ஒன்றுமே கொடுக்கவில்லையே! பலகாரம் வேண்டும் என்று அடம்பிடித்தேன். டேனிஷ்காரர் சூப் வைக்கிற மஞ்சள் பருப்பை ஊறவைத்து, அம்மா வடை சுட்டுத் தந்தார்.

வகுப்பில் வாயே திறக்காத நான் மறுநாள் எழுந்து நின்றேன்.

"முதலில் நீங்கள்தான் எங்களிடம் வந்தீர்கள். இருநூறு வருடம் நின்றீர்கள். நாங்களும் அவ்வளவு காலம் நின்றுவிட்டுப் போவோம். இது வடை."

ஆசிரியை உலகப்படத்தில் தரங்கம்பாடியைத் தேடிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். நியாயமான கணக்குத்தான் என்றார். பையன் வடையைக் கடித்து, செத்தல் மிளகாயில் முகம் சிவந்து, ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொன்று கேட்டான்.

ஆசிரியை சம்மதித்துவிட்டார் என்று வீட்டில் அறிவித்தேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேலையால் வந்த அப்பாவிடம், "இஞ்சாருங்கோ, பிள்ளை இருநூறு வருசத்துக்கு விசா எடுத்துக்கொண்டு வந்திட்டுது!" என்றார். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை, இன்னும் ஆறு மாதம் இங்கே இருக்க அனுமதி கேட்டு அப்பா பொலிஸ் கந்தோருக்குப் போனார். இவர் ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.