இடுப்பு எங்கே இருக்கிறது

ரெண்டுவிரல் மாஸ்டரின் தையல் கடையில் இதுவரை ஒருவர்கூடக் குண்டானதில்லை. மற்ற கடைகளில் வயது ஏற ஏற ஆட்களின் அளவும் ஏறிக்கொண்டிருக்க, இவரிடம் தைக்கிறவர்கள் மட்டும் கல்யாணத்தன்று இருந்த அளவிலேயே நின்றுவிடுவார்கள். உடற்பயிற்சியா என்றால் அதெல்லாம் இல்லை, எல்லாம் மாஸ்டரின் வாய் செய்கிற வேலை. டேப்பை இடுப்பில் சுற்றி, உள்ளே இரண்டு விரலை விட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, "முப்பத்தி நாலு, போன தடவை எடுத்த அதே அளவுதான் சார்" என்பார். வாய் முப்பத்தி நாலு என்று சொல்லும். கையிலிருக்கும் சாக்பீஸ் முப்பத்தெட்டுக்குக் கோடு போடும்.

பேண்டின் பின்பக்கத் தையலுக்குள் தாராளமாகத் துணியை மடித்து விட்டிருப்பார். ஆள் பெருக்கப் பெருக்க அதைச் சத்தமில்லாமல் பிரித்துவிடுவார். பட்டன் போய்விட்டது என்று கொடுத்துவிட்டுப் போன பேண்ட்கூட அவர் கைபட்டுத் திரும்பும்போது ஒரு அங்குலம் பெருத்திருக்கும். பக்கத்துத் தெரு வங்கி மேனேஜர் பத்து வருடமாக அதே அளவில் இருக்கிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார். அந்த அம்மாவின் துணியும் இவர் கடையில்தான் என்பதால் அந்த அம்மாவும் வாயைத் திறப்பதில்லை.

இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யாருக்கு என்ன நஷ்டம், மனுஷன் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போகிறானா இல்லையா என்பார். பேண்ட் தைக்கிற மனிதர், அந்த விஷயத்தில் யாரையும் சட்டை செய்ததில்லை.

ஊருக்கே இப்படித் தைத்தவர் தனக்கு மட்டும் வேறு மாதிரி தைத்துக்கொள்வாரா? அவருடைய இடுப்பு வாலிப காலத்திலிருந்து முப்பத்தாறு. இதில் பொய்யே கிடையாது, டேப் சாட்சி. பேண்ட் எங்கே நிற்கிறதோ அதுதான் இடுப்பு என்பது தொழில் சட்டம். தொப்பை வளர வளர அவருடைய பேண்ட் மரியாதையாக வழிவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டது. இறங்கிய இடத்தில் அளந்தால் முப்பத்தாறு. மேலே பானை மாதிரி நிற்பது வேறு யாருடையதோ.

அந்தப் பானை ஒரே நாளில் வந்ததல்ல. வாடிக்கையாளர் ஒருவர் வந்தால் ஒரு டீ, அவர் போனால் வந்துபோன அலுப்புக்கு ஒரு டீ, இரண்டிலும் சர்க்கரை தூக்கல். எதிர்க்கடை பேக்கரியில் பன் சூடாக இறங்கினால் வாசனை வந்து கூப்பிடும், பாவம் அதை ஏமாற்ற முடியாது. வீடு கடைக்கு மேலேயே. இறங்கினால் ஸ்டூல், ஏறினால் கட்டில். சாப்பிட்ட கையோடு மெஷின்மேலேயே தலை தொங்கும். எங்கேயும் வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றை நோய் என்று சொல்ல மாஸ்டர் என்ன மடையரா?

இந்த நேரத்தில்தான் மாஸ்டருடைய அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை ராஜினாமா செய்தன.

அக்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். கண்ணாடித் தடுப்பின் சின்ன ஓட்டை வழியாக முப்பது வருடம் ஊர் உலகத்தைத் திட்டித் தீர்த்தவள். அப்பா கையை ஓங்கினால் குறுக்கே வந்து விழுகிறவள், தன் முதல் சம்பளத்தில் தம்பிக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தவள். உட்கார்ந்த இடத்திலேயே வேலை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எப்போது வந்தன என்று அவளுக்கே தெரியாது, தெரிந்தபோது சிறுநீரகம் போய்விட்டிருந்தது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு படுத்திருக்கிறாள். புதிதாக ஒன்று வைத்தால்தான் பழையபடி நடமாடலாம் என்றார்கள். அவள் புருஷனுடைய ரத்தம் சேரவில்லை. மாஸ்டருடையது கச்சிதமாகச் சேர்ந்தது.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களை எல்லாம் அளவெடுக்கும் சாக்கில் பிடித்து நிறுத்தி, தன்னிடம் இரண்டு இருக்கிறது, அக்காவுக்கு ஒன்று கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். பேக்கரிக்காரர் கண்கலங்கி ஒரு பன்னை இலவசமாகக் கொடுத்தார். அதையும் தின்றுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே நர்ஸ் டேப்பை எடுத்ததும் மாஸ்டருக்குத் தொழில்பாசம் பொங்கிவிட்டது. குடும்மா, நானே எடுக்கிறேன் என்று வாங்கி, தொப்பைக்குக் கீழே சுற்றி, முப்பத்தாறு என்று அறிவித்தார். நர்ஸ் டேப்பைத் திரும்ப வாங்கினாள். கடைசி விலா எலும்பைத் தடவிப் பார்த்தாள், இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்தாள், இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றினாள். மூச்சை வெளியே விடச் சொன்னாள். அவர் விடவில்லை. விடும்வரை அவளும் விடவில்லை.

"நாப்பத்தி நாலு."

"அது வயிறும்மா. இடுப்பு கீழே இருக்கு. முப்பது வருஷமா இதே தொழில்ல இருக்கேன், இடுப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்தாள். "பேண்டுக்கு அது இடுப்பு. உங்க உயிருக்கு இதுதான் இடுப்பு."

பிறகு மற்றவையும் வந்தன. ரத்த அழுத்தம் அதிகம். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை, நோய் என்று சொல்ல நூலிழைதான் பாக்கி. டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. நல்ல கொலஸ்டிரால் மட்டும் தேறியது. இடுப்பையும் சேர்த்து இந்த ஐந்தில் மூன்று கெட்டிருந்தாலே அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர், உங்களுக்கு நான்கு இருக்கிறது என்றாள் டாக்டரம்மா. பள்ளிக்கூடத்தில் எதிலும் நாலு மார்க் வாங்காத மாஸ்டர் இதில் வாங்கிவிட்டார்.

தொப்பையைச் சும்மா தொங்குகிற மூட்டை என்று நினைக்காதீர்கள் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிடக் குடலைச் சுற்றியும் ஈரலிலும் சேருகிற கொழுப்புதான் வம்பு பிடித்தது. தேவைக்கு மேல் தின்றதை எல்லாம் கொழுப்பு செல்கள் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு வீங்குகின்றன. ஒரு அளவுக்கு மேல் போனால் அவற்றுக்கே ரத்தம் சரியாக எட்டாமல் திணறி, சில செத்தும் போகின்றன. செத்ததை அள்ள உடம்பின் காவல் செல்கள் ஓடி வருகின்றன. வந்தவை வேலை முடிந்ததும் கிளம்பினால் தேவலை. அங்கேயே கூடாரம் போட்டுக்கொண்டு அழற்சி உண்டாக்கும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஊசி குத்தின விரல் சிவந்து வீங்குமே, அந்த மாதிரியா என்று மாஸ்டர் கேட்டார். அதேதான், ஆனால் அது இரண்டு நாளில் ஆறிவிடும், இது கண்ணுக்குத் தெரியாமல் உடம்பு முழுக்க வருடக்கணக்கில் லேசாகக் கனன்றுகொண்டே இருக்கும், வலிக்கவும் வலிக்காது என்றாள். அந்த அழற்சியில் தசையும் ஈரலும் இன்சுலின் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டிப் பார்க்கும். ஈரல் கொழுப்பை ரத்தத்தில் தள்ளும். ரத்தக் குழாய்கள் விறைக்கும், அழுத்தம் ஏறும், சர்க்கரை ஏறும். குண்டாக இருக்கிற எல்லாருக்கும் இது வருவதில்லை, ஒல்லியானவர்களுக்கும் வருவதுண்டு, பரம்பரையும் தூக்கமும் எல்லாம் கணக்கில் சேரும். ஆனால் உங்களுக்கு வந்துவிட்டது.

"இப்படியே இருந்தா உங்ககிட்டேருந்து எடுக்க மாட்டேன். கொடுக்கிறவரோட உடம்பும் என் பொறுப்புதான். குறைச்சிட்டு வாங்க, பார்ப்போம்."

ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு இப்படி மூக்குடைபட்டுத் திரும்பினால் என்ன ஆகும்? யாராவது கேட்டால் தேதி இன்னும் குறிக்கவில்லை என்று சமாளித்தார். டயட் என்று சொல்லிக்கொண்டு பன்னை விட்டார். பசித்தபோதெல்லாம் பெரிய டம்ளரில் பழச்சாறு குடித்தார், பழம்தானே. அது போதாதென்று, தெரிந்த தொழில் கைவசம் இருக்கும்போது எதற்குக் கவலை என்று கோட்டுக் காலருக்குள் வைக்கிற முரட்டுத் துணியை எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு தைத்து முடித்தார். அகலமான ஒரு வயிற்றுப் பட்டி, முதுகுப் பக்கம் வரிசையாக இரும்புக் கொக்கிகள். மனைவி முட்டியை ஊன்றி இழுத்து மாட்டிவிட்டாள். மூச்சு முட்டினாலும் கண்ணாடியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த பரிசோதனையில் நர்ஸ் எடை பார்க்கச் செருப்பைக் கழற்றச் சொன்னாள். மாஸ்டர் குனிந்தார். முதுகுப் பக்கம் டப் என்று ஒரு சத்தம். ஒரு கொக்கி பறந்துபோய் டாக்டரம்மாவின் மேஜையில் உருண்டு நின்றது. மாஸ்டர் அவசரமாக நிமிர்ந்தார். இன்னொரு டப். டாக்டரம்மா கொக்கிகள் இரண்டையும் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். அதைவிட மோசம், ரத்த ரிப்போர்ட்டில் கொழுப்பு முன்னைவிட ஏறியிருந்தது. அத்தனை பழச்சாறும் சர்க்கரைதான், ஈரல் அதைக் கொழுப்பாக்கிவிடும் என்று அவள் சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது. ரத்தத்துக்குப் பட்டி கட்ட முடியாது.

மனைவி வாய் சும்மா இருக்குமா, விஷயம் அன்றைக்கே அக்காவிடம் போய்விட்டது. மறுநாள் மாஸ்டர் பார்க்கப் போனபோது அக்கா மெஷினில் படுத்தபடி அவரைக் கண்டதும் சிரிக்க ஆரம்பித்தாள். கை அசைந்து மெஷின் கூவத் தொடங்கி, நர்ஸ் ஓடிவந்து அதட்டும்வரை சிரித்தாள்.

"நீ ஊருக்குத்தான் தளர்த்தித் தைச்சேன்னு பார்த்தா, உனக்கு மட்டும் இறுக்கித் தைச்சுக்கிட்டியேடா."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அவளுக்குத் தைத்த சட்டைகளிலும் இப்படித்தான் வருடா வருடம் பக்கத்தையலைப் பிரித்துவிட்டிருக்கிறார், அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. உனக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாமலா? நீ இறுக்கமா தைச்சிருந்தா நான் வேற டெய்லரைப் பார்த்திருப்பேன். பொய் சொன்னது நீ, கேட்டு வாங்கினது நான். அதை விடு."

சிரிப்பு அடங்கி, சுத்தம் செய்து முடிந்ததும் அவளை நடத்திக் கூட்டிப்போனார். தாழ்வாரம் பாதிகூடப் போகவில்லை, அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. ஒரு நிமிஷம் இரு என்று பெஞ்சில் உட்கார்ந்தவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. கடைசி நேரத்தில் டிக்கெட் கேட்டு வருகிறவனை எழுந்து நின்று விரட்டுகிறவள், கைப்பையைக்கூடத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இவள் போய்விடுவாள் என்று அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. என்றைக்கும் இல்லாத பயம் அது.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. விடிந்ததும் நடக்கக் கிளம்பினார், ரயில் நிலையம்வரை போய்த் திரும்புவார். முதல் வாரம் திரும்பும்போது ரிக்‌ஷாவில் வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீயில் சர்க்கரை நின்றது, ஒரு வாரம் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஸ்டூலைத் தூக்கி மாடியில் போட்டுவிட்டாள், துணி வெட்டுவதெல்லாம் நின்றபடிதான். தட்டில் சோறு பாதியானது, காய் இரண்டு மடங்கானது. நேரத்தோடு கடையைச் சாத்திவிட்டுத் தூங்கினார். அழுத்தத்துக்கு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். பேக்கரிக்காரர் தன்மேல் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துத் தூது அனுப்பினார்.

கடையில்தான் ரகளை. தன் வயிற்றைத் தொப்புளுக்கு நேராக அளந்து பழகிய கை, அடுத்தவர் வயிற்றில் மட்டும் பொய் சொல்ல மறுத்தது. வங்கி மேனேஜருக்கு டேப்பைச் சுற்றி, நாற்பத்தி ரெண்டு சார் என்றார். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். உங்க டேப் மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சா என்று கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார். அங்கே தைத்த பேண்ட் உட்காரும்போது கிழிந்ததால், ஒரு மாதத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அளவெடுத்துக்கொண்டே மாஸ்டர் அவரை ரத்தப் பரிசோதனைக்கும் தள்ளிவிட்டார். இப்படி ஐந்தாறு பேர் வேறு கடைக்குப் போனார்கள், சிலர் திரும்பவே இல்லை.

மாதங்கள் போயின. மாஸ்டர் ஒன்றும் ஒட்டடைக்குச்சி ஆகிவிடவில்லை, தொப்பை இன்னும் இருக்கத்தான் செய்தது, ஆனால் பாதி. மூச்சை விடச் சொன்னதும் விட்டார். அழுத்தம் அடங்கியிருந்தது. சர்க்கரையும் கொழுப்பும் கோட்டுக்குக் கீழே வந்திருந்தன. டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிவிட்டு, எடுத்துக்கலாம் என்றாள்.

மாஸ்டர் லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி அக்காவிடம் ஓடினார். மெஷினில் படுத்திருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னார், வாயெல்லாம் பல். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள், கொஞ்ச நேரம் விடவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டருக்கு அழுகை தாங்காது, பேச்சை மாற்றினார். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக எதிர்க்கடையில் ஒரு முழுக் கேக், துணைக்கு யாரும் வேண்டாம், இந்த நடை, இந்தக் கசப்பு டீ எல்லாவற்றுக்கும் அன்றோடு கும்பிடு என்றார்.

எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவள் இதற்குச் சிரிக்கவில்லை.

"ஆபரேஷனுக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடலடா" என்றாள். "எனக்குப் போச்சு, என் தம்பி குடுக்கிறான். வீட்டுக்குக் கடைசி நீ. மிச்சம் இருக்கிற ஒண்ணும் போச்சுன்னா, உனக்குக் குடுக்க எந்தத் தம்பிடா இருக்கான்?"

மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.