கவிழ்ந்த தோணிமேல் நின்று பேசியவர்

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பாவைக் கப்பலேற்றியது பஞ்சம் மட்டுமல்ல, ஒரு பேச்சும்தான்.

பேசியவர் டச்சுக்கார ஒல்லாந்தரின் கோட்டைத் துபாஷி. துரை சொல்வதைத் தமிழில் சொல்பவர். கரையில் கவிழ்த்திருந்த என் தோணிமேல் ஏறி நின்றார். முக்கியமான இடத்தில் குரலைத் தாழ்த்துவார்; நாங்கள் நெருங்கிப் போவோம்.

"நைனா, அக்கரையில அடுப்பு அணையறதே இல்ல," என்றார். பலர் அழுதார்கள்.

மீன்காரி ஒருத்தி கேட்டாள்: "இம்மாம் நல்ல ஊருன்னா உம்புள்ளைய எப்போ சாமி அனுப்புவ?"

அவர் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. கப்பலேற உங்கள் சித்தப்பா முதல் ஆளாகக் கை தூக்கினான்.

போனவர் எவரும் திரும்பவில்லை. எங்கள் பசியை எங்களைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவர், அதைச் சொல்லியே எங்களை அடிமைகளாக விற்றார்.

கப்பல் போனதும், தனியாக அந்தத் தோணியை நிமிர்த்திப் போட்டேன். இனி எவனும் அதன்மேல் நின்று பேசக் கூடாது.