செருப்பைக் கழற்ற வேண்டாம்

முதல் நாள்

யாங்கோனில் ஒரு மாலின் மொட்டை மாடியில் இருந்த 'ஜப்பான் கிராமத்'துக்கு நான் ஃப்ளோர் சூப்பர்வைசர். கிராமம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கம்பியில் கட்டிய பிளாஸ்டிக் செர்ரிப் பூ, கிமோனோ வாடகைக் கவுண்டர், ஜப்பான் கோயில்களில் இருப்பது மாதிரி ஊர் ஓரம் ஷ்வேப்யிதாவில் ஒரு பட்டறையில் பிளைவுட்டில் அடித்து வாங்கிய சிவப்பு வாசல், அவ்வளவுதான். முதலாளி காதர் பாய், யாங்கோனின் லத்தா கடைத்தெருவில் பொம்மை மொத்த வியாபாரம் செய்தவர். ஐந்து நாள் ஜப்பான் டூர் போய்விட்டு வந்ததிலிருந்து லிஃப்ட் ஆபரேட்டருக்கும் இடுப்பை வளைத்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

கிமோனோ எடுப்பவர்கள் மரச்செருப்பையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பார்கள் என்பது அவர் நினைப்பு. முதலில் வந்த அம்மா சிவப்பு வாசலைப் பார்த்தார், ரப்பர் செருப்பைக் கழற்றினார், கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். பயாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, போய்ப் பழகிய கால். பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மதியத்துக்குள் வாசலில் செருப்புக் குவியல், செர்ரிப் பூவுக்கு நடுவே மல்லிகைச் சரம். மரச்செருப்பை ஒருவரும் தொடவில்லை.

"மா செல்வி, இது கோயில் இல்ல, வெறும் செட்டுன்னு சொல்லுங்க!" என்றார் பாய், பர்மிய வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் ஒரு 'மா' சேர்த்து.

"சொன்னேன் பாய். செட்டுன்னு தெரியாம சாமி வந்து உக்காந்திருந்தா என்ன பண்றதுன்னு கேக்குறாங்க."

இன்ஸ்பெக்‌ஷன்

பெயரும் டிசைனும் கொடுத்த ஜப்பான் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் பெயர்ப்பலகையை இறக்க வேண்டியதுதான்.

"அன்னைக்கு வாசல்ல ஒத்தச் செருப்பு கிடந்தாலும், மறுநாள் நீங்க வேலைக்கு வர வேணாம்" என்றார் பாய்.

ஐம்பது தாண்டிய பிறகு இன்னொரு வேலைக்கு எங்கே போவது? 'செருப்பைக் கழற்ற வேண்டாம்' என்று பர்மிய எழுத்தில் பெரிய போர்டு வைத்தேன்.

அன்று வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. எல்லோரும் போர்டைப் படித்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் இருக்கும் சரோஜா டீச்சர் என் தோளைத் தட்டினார்.

"நீ மரியாதைக்கு எழுதி வச்சிருக்க. அதுக்காக நாங்க செருப்போட போயிடுவோமா?"

அம்மையார் அந்த நேரம் பார்த்து வந்து நின்றார். கிமோனோ கட்டிய கூட்டம், வெறுங்கால், கையில் செருப்பு. பாய் என்னை முறைத்த முறைப்பில் பூவெல்லாம் உதிர்ந்திருக்கும், பிளாஸ்டிக் என்பதால் தப்பியது. அம்மையார் குனிந்தார். தன் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அவர் சொன்னதைச் சொன்னார்: ஜப்பானில் இந்த மாதிரி வாசலில் ஷூவோடுதான் போவார்களாம். உங்கள் நாட்டு வழக்கம் மிகவும் அழகு என்றாராம்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மையார் அந்தக் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு

அந்தப் படம் எங்கெல்லாம் சுற்றியதோ, சில மாதங்களில் ஒரு வேன் நிறைய ஜப்பான்காரர்கள் வந்தார்கள். மியான்மர் வழக்கம் என்று பயபக்தியோடு ஷூவைக் கழற்றினார்கள். அன்றும் வந்திருந்த டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா? ஜப்பான்காரங்களே கழட்டுறாங்க. நீ என்னமோ போர்டு வச்சியே!"

பாய் மரச்செருப்பை ஓரங்கட்டிவிட்டு, செர்ரிப் பூ போட்ட செருப்புப் பை விற்க ஆரம்பித்தார். ஜப்பான்காரர்கள் மியான்மர் ஞாபகார்த்தமாக வாங்கினார்கள். நம்மவர்கள் ஜப்பான் சரக்கு என்று வாங்கினார்கள். தைத்தது லத்தாவில்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: போர்டு எழுதும் முன் வருகிறவர்களின் காலைப் பாருங்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன், என் போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று போட்டோ எடுக்கத் தனி டிக்கெட்.