இரண்டாவது டிஸ்க்

இது நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், என் அக்கா வீட்டு முன்னறையில். யாரோ சொல்லிக் கேட்டதல்ல. நான் அங்கே இருந்தேன். நேரங்களை நிமிடம் பிசகாமல் சொல்ல முடியும். அவற்றை மறக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவன். பத்தொன்பது வருட அனுபவம். ஒரு மெஷின் தகராறு செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும். அன்றுவரை கிடைத்தது.

அத்தான் இருபத்தேழு வருடம் லாரி ஓட்டியவர். ஒரு கண்ணில் பார்வை போனது. லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். ஏழு மாதமாக ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டால் பசிகூடத் தெரியாது. அக்கா என் கடைக்கு வந்து நின்றாள்.

"லாரி ஓட்டுற கேம் இருக்காமே. அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் குடுடா. இப்படியே விட்டா மனுஷன் நமக்கு மிஞ்ச மாட்டாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானமாவது சொல்லத் தெரிந்திருக்கும்.

பாகங்களை நானே தேர்ந்தெடுத்தேன். இந்த கேமுக்கு நடுத்தர பிராசஸர் போதும். கிராபிக்ஸ் கார்டில் சிக்கனம் பார்க்கவில்லை. ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவருக்குப் படம் பளிச்சென்று இருக்க வேண்டும். ரேம் பதினாறு ஜிபி. பவர் சப்ளையில் கஞ்சத்தனம் செய்கிற ஆள் நான் இல்லை. கையைக் கடித்தது ஸ்டோரேஜில்தான். விண்டோஸுக்கு ஒரு சின்ன புது எஸ்எஸ்டி. கேமைப் போட்டுவைக்க இரண்டாவதாக ஒரு பெரிய டிஸ்க் வேண்டும். கடை டிராயரில் பழைய எஸ்எஸ்டி ஒன்று கிடந்தது. பழைய சாமான் வாங்குகிறவர் ஒரு மூட்டையோடு போட்டுவிட்டுப் போனது.

பழைய டிஸ்க் என்றால் முதலில் அதன் சரித்திரத்தைப் பார்ப்போம். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. ஆரோக்கியம், 98 சதவீதம். ஓடிய நேரம், 9,112 மணி. இதுவரை ஆன் செய்த தடவை...

1.

நான் அப்போது ஆன் செய்ததைச் சேர்த்தே குறைந்தது 2 என்றாவது காட்ட வேண்டும். மெஷினை அணைத்துப் போட்டேன். 1. கேபிளைக் கழற்றி மாட்டினேன். 1. அந்த டிஸ்கைப் பொறுத்தவரை அதை யாரும் இன்னும் அணைக்கவே இல்லை.

கணக்கு குழம்பியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அவசரத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். குயிக் ஃபார்மட். அது டிஸ்கைத் துடைக்காது. புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது மாதிரி. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். முழு ஃபார்மட்டுக்கு நேரமாகும். அக்கா கீழே வண்டியில் காத்திருந்தாள்.

பிற்பகல் 2:10, அக்கா வீடு. கேமுக்கான ஸ்டியரிங்கை மேஜை விளிம்பில் முடுக்கினேன். பெடலைத் தரையில் வைத்தேன். அத்தான் பனியனோடு வந்து உட்கார்ந்தார். காலால் அழுத்திப் பார்த்தார்.

"என்னடா ஸ்க்ரூ, கிளட்ச் காத்து மாதிரி இருக்கு. பொம்மை வண்டியா?"

என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஏழு மாதமாகக் கூப்பிடவில்லை.

"ஓட்டிப் பாருங்க அத்தான். அப்புறம் பேசுங்க."

"ஹாரன் எங்க?"

காட்டினேன். அடித்தார். திரும்பவும் அடித்தார்.

"ஏங்க, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குது" என்றாள் அக்கா உள்ளிருந்து.

"தூங்கட்டுமே. நான் என்ன அது மேலயா ஏத்தப் போறேன்?"

சிரித்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்தாள். 2:30க்கு வேலைக்குக் கிளம்பினாள். போகும்போது என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

2:41.

டக்... டக்... டக்...

லாரியில் இண்டிகேட்டர் போட்டால் கேட்குமே, அந்தச் சத்தம். கேமில் வருவது என்று நினைத்தேன். ஸ்பீக்கரை அணைத்தேன். நிற்கவில்லை. கேபினெட்டில் காதை வைத்தேன். இரண்டாவது டிஸ்கிலிருந்து வந்தது.

எஸ்எஸ்டிக்குள் சுழல்கிற தட்டு கிடையாது. முள் கிடையாது. வெறும் சில்லுகள். அது சத்தம் போடாது. போடவே முடியாது.

நிமிர்ந்தேன். அறையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

திரையில் இரவு.

மழை. ஒரு நீளமான சாலை. மூலையில் இருந்த மேப் இல்லை. வேகம் காட்டும் எண் இல்லை. எஸ்கேப் பட்டனை அழுத்தினேன். அசையவில்லை.

"அத்தான், கேம் ஹேங் ஆயிடுச்சு. கைய எடுங்க."

"சும்மா இரு."

அவர் குரல் மாறியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டியரிங்கை நூலளவு நூலளவாகத் திருப்பினார். இடையிடையே பக்கவாட்டில் பார்த்தார். பார்வை போன கண் இருக்கும் பக்கம். அங்கே சுவர்தான் இருந்தது.

"தம்பி... ஏய் தம்பி..."

"யாரைக் கூப்பிடுறீங்க?"

சுவரைப் பார்த்தே மறுபடி கூப்பிட்டார்.

2:58. அவர் உதடு வெளுத்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். பாறையை உலுக்குவது போல இருந்தது. அக்காவுக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அவளிடம் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. உன் புருஷன் சிரித்தார், இப்போது செத்துக்கொண்டிருக்கிறார் என்றா?

"பாலம் வருது" என்றார் அத்தான். "ஓரங்கட்ட இடமில்ல..."

3:02. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். ஐந்து விநாடி. பத்து விநாடி. முப்பது.

அணையவில்லை.

3:04. சுவரோரம் குனிந்தேன். பிளக்கில் கை வைத்தேன்.

"எடுக்காதடா!"

பிடுங்கினேன்.

திரை கறுத்தது. ஃபேன் நின்றது. மின்சாரம் போன ஸ்டியரிங் அவர் கையில் தொளதொளத்தது. அவர் அதை ஒரு பக்கம் முழுவதும் சுற்றினார். மறுபக்கம் சுற்றினார். எதுவும் பிடிபடாதவர் போலச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

டக்... டக்... டக்...

கேபினெட்டைத் திறந்தேன். டிஸ்கைப் பிடுங்கி எடுத்தேன். சுட்டது.

என் உள்ளங்கையில் துடித்தது.

டக்...

டக்...

அத்தான் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நின்றது.

3:05.

வெகு நேரம் கழித்து அவர் கைகளை இறக்கினார். என்னைப் பார்த்தார்.

"அவன் தூங்கிட்டு இருந்தான்டா."

அவ்வளவுதான். எழுந்து போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் எல்லாவற்றையும் சோதித்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். அக்காவிடம் அத்தான் இரண்டொரு வார்த்தை பேசுகிறார். பால்காரரிடம் பேசுகிறார். என்னிடம் பேசுவதில்லை. நான் உள்ளே நுழைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த மெஷினுக்கு வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். அவர் தொடவில்லை. "அப்படி என்னதான்டா பண்ணின அவரை?" என்று அக்கா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பதினொரு நாள் கழித்துத் தெரிந்தது.

பழைய சாமான் வாங்குகிறவரைத் தேடிப் போனேன். அந்த மூட்டை ஒரு லாரி ஷெட்டிலிருந்து வந்தது என்றார். விபத்தில் நொறுங்கிய வண்டி ஒன்றின் கேமரா பதிவுப் பெட்டிக்குள் இருந்த டிஸ்க். நான்கு வருடம் முன்னால் நடந்த விபத்து. பாலத்திலிருந்து விழுந்தது. ஓட்டுநர் மட்டும்தான் வண்டியில் இருந்தார். அவர் பிழைக்கவில்லை.

அழிந்த ஃபைல்களை மீட்கும் நண்பர் ஒருவர் உண்டு. டிஸ்கைக் கொடுத்தேன். அவருக்கு ஒரே ஒரு ஃபைல் கிடைத்தது. லாரியின் உட்புறத்தைப் படம் பிடித்த கேமராவின் பதிவு. சத்தம் கிடையாது. ஓரத்தில் தேதியும் நேரமும் ஓடுகின்றன. அதே நான்கு வருடம் முன்னால். பின்னிரவு.

2:41. இளம் ஓட்டுநரின் தலை மார்பில் சரிகிறது. கைகள் நழுவி மடியில் விழுகின்றன. அவர் அதன் பிறகு எழவேயில்லை. ஆனால் லாரி போகிறது. மழையில், வளைவுகளில், கோடு தாண்டாமல் இருபத்து மூன்று நிமிடம் போகிறது. யாரும் தொடாத ஸ்டியரிங் நூலளவு நூலளவாகத் திரும்புகிறது.

பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பனியன் போட்டிருக்கிறார். வெறும் காற்றை ஸ்டியரிங் போலப் பிடித்துத் திருப்புகிறார். திரும்பித் திரும்பி ஓட்டுநரை எழுப்புகிறார்.

என் அத்தான்.

நண்பர் படத்தை நிறுத்தப் போனார். வேண்டாம் என்றேன்.

3:04. அத்தான் கேமரா பக்கம் பார்த்து எதையோ கத்துகிறார். என்ன கத்துகிறார் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் அவர் கைகள் திரும்பிக்கொண்டுதான் இருக்கின்றன. ஸ்டியரிங் திரும்பவில்லை.