காதர் அண்ணே வண்டியில் மோர் வாசம்

நேற்று பேரன் தன் காருக்குப் பாட்டுப்பெட்டி மாட்டப் போனான். சும்மா வீட்டில் கிடக்கிறேனே என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கடைத் தம்பி விரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு ஒயரை எடுத்து வெட்டினான். "பாட்டுக் கேட்கவா, யானையைக் கட்டவா?" என்று கேட்டேன். சிரித்தான். "கார் பேட்டரி பன்னெண்டு வோல்ட்டுதான் அங்கிள். வோல்ட்டு குறைஞ்சா ஆம்ப் ஏறும். சின்ன ஒயர் போட்டா சூடாயிடும்லா." வெட்டிய இடத்திலிருந்து ரப்பர் வாசம் வந்தது.

எனக்கு அந்த வாசம் வந்தால் புளித்த மோர் வாசமும் கூடவே வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

சண்டையில் ஜப்பான்காரன் இந்தத் தீவைப் பிடிக்க வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னே, சூலியா தெருவில் ஒரு மின்சாமான் கடையில் நான் ஒயர்மேன். வீடுகளுக்கு விளக்குப் போட்டுப் பழகிய கை. வாயும் கொஞ்சம் நீளம். இந்தத் தீவில் எனக்குத் தெரியாத கரண்டு கிடையாது என்று நினைப்பு. அந்த வருஷத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் மோர்ப் பந்தல் போட்டவர்கள், கூட்டத்துக்கு அறிவிப்புச் சொல்ல ஒலிபெருக்கி கேட்டார்கள். கடையில் பெட்டி இருந்தது, தகரக் குழாயும் இருந்தது. பந்தலில் கரண்டு இல்லை. கார் பேட்டரியில் ஓட்டலாம். ஆனால் கார் யார் கொடுப்பார்கள்?

காதர் அண்ணே கொடுத்தார். பக்கத்துச் சந்தில் குடியிருந்த வாடகைக் கார்க்காரர். பத்து வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு வாங்கிய சொந்த வண்டி. அதன் தோல் சீட்டில் யாராவது ஈரத் தலையைச் சாய்த்தால் அவர் முகம் சுருங்கிவிடும். அப்பேர்ப்பட்டவர், நான் கேட்டதும், "உங்க சாமிக்குத்தானே, நானே ஓட்டிக்கிட்டு வர்றேன். வாடகை கீடகைன்னு பேசினா கெட்ட கோவம் வரும்," என்றார்.

ஒயரைத் தேர்ந்தெடுத்தது நான். வீட்டு விளக்குக்குத் தொங்கவிடுவோமே, நூல் சுற்றிய மெல்லிய ஒயர், அது. வீட்டில் இருநூற்றுச் சொச்சம் வோல்ட்டைத் தாங்குகிற ஒயர், அந்தக் காலத்துக் காரின் ஆறு வோல்ட்டைத் தாங்காதா? இதுதான் என் மகா கணக்கு. பேட்டரியிலிருந்து முன் சீட்டுக்கு அடியில் இழுத்து, நடுவில் ஒரு ஃபியூஸ் கட்டை வைத்து, அதில் மெல்லிய கம்பியை முறுக்கினேன்.

காலை முழுக்கப் பந்தல்காரர் ஒருவர் சாந்தமாக, "மோர் இருக்கு, வரிசையா வாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி சமர்த்தாக வேலை செய்தது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்தார். நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், மாரிமுத்து என்று பெயர். மனைவி பொன்னம்மா ஊரிலிருந்து கப்பலில் வந்து பத்து நாள்தான் ஆகிறது. காவடிக் கூட்டம் இடித்ததில் கை விட்டுப்போயிற்று. தோட்டத்தின் பெயர்கூட அவளுக்கு வாயில் நுழையாது. யார் பெண்டாட்டி என்று கேட்டால் புருஷன் பெயரையும் சொல்ல மாட்டாள். "செத்தாலும் சொல்லாதுங்க," என்று அழுதார். இதுவோ துறைமுகப் பட்டணம். 'உன் புருஷன் அங்கே நிற்கிறான், வா' என்று தனியாக நிற்கும் பெண்ணைக் கூட்டிப்போகவே சில ஆட்கள் அலைவார்கள். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

பந்தல்காரர் கூப்பிட்டுப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆண் குரல் கூப்பிட்டால் அவள் வருவாளா? மைக்கைப் புருஷனிடமே கொடுத்தோம். "பொன்னம்மா!" என்று கத்தினார். ஃபியூஸ் போயிற்று. புதுக் கம்பி போட்டேன். மறுபடியும் கத்தினார், மறுபடியும் போயிற்று. சத்தம் ஏற ஏறப் பெட்டி கரண்டை அதிகமாக இழுக்கும். சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். ஒயர் சுட்டது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஃபியூஸ் மேல் தப்பில்லை, என் ஒயர்தான் தப்பு. கம்பியைத் தடிப்பாக்கினால் ஒயர் எரியும்.

"மெதுவா பேசுங்கண்ணே, தாங்கல," என்றேன். பாவம், மனுஷன் மெதுவாகப் பேசத்தான் பார்த்தார். பெயரைச் சொல்ல வாயெடுத்தாலே கத்தலாகத்தான் வந்தது.

டிரைவர் சீட்டில் இருந்த காதர் அண்ணே திரும்பினார். "பொண்டாட்டியைக் காணோம்னு நிக்கிறவன்கிட்ட மெதுவா பேசுன்னு சொல்றியே, உனக்கு மனசு இருக்காடா? தடிச்ச கம்பியப் போடு."

"அண்ணே, வண்டி பத்திக்கும்."

"பத்தட்டும். போடுடா!"

போட்டேன். "பொன்னம்மா! நான்தான் கூப்புடுறேன்! மோர் குடுக்குற எடத்துக்கு வா புள்ளே!" அடிவாரம் முழுக்க அந்தக் குரல் கேட்டது. சீட்டு இடுக்கிலிருந்து புகை வந்தது. இஞ்சின் நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று காதர் அண்ணே மிதித்த காலை எடுக்காமல் அதே சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ கூப்பிட்டபோது, மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, வண்டி மேலிருந்த தகரக் குழாயைப் பார்த்து அழுதுகொண்டே வந்தாள். எனக்கு இன்றைக்கும் அந்த முகம் மறக்கவில்லை.

கம்பியைப் பிடுங்கினேன். காதர் அண்ணே குதித்து இறங்கினார். சீட்டைத் தூக்கினால் குப்பென்று தீ. கைக்கு எட்டியது மோர்ப் பானைதான். அப்படியே கொட்டி அணைத்தோம்.

அப்புறம் எத்தனையோ மாதம் அந்த வண்டியில் கருகிய ரப்பரும் புளித்த மோரும் சேர்ந்து மணந்தது. மூக்கைப் பிடிக்கும் சவாரிகளிடம், "சாமி பிரசாதம்லா, சும்மா வாங்க," என்பாராம்.

தீப்பிடித்த பிறகு ஒரு வாரம் நான் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. அப்புறம் போய்ச் சொல்லிவிட்டேன். "அண்ணே, தப்பு என்மேலதான். ஒயரைச் சின்னதா போட்டுட்டேன்."

"தெரியும்டா. நீ கையைச் சுட்டுக்கிட்டு முழிச்ச முழியிலேயே தெரிஞ்சிச்சு."

"தெரிஞ்சுமா போடச் சொன்னீங்க?"

ஒட்டுத் தைத்த சீட்டைத் தட்டிக் காட்டினார். "இதத் தச்சுக்கிட்டேன். அந்தப் புள்ளைய எங்க போய்த் தேடுறது?"

ஜப்பான்காரன் வந்ததும் வண்டியைப் பிடுங்கிக்கொண்டான். "அந்த மோர் நாத்தத்துக்கு நாலே நாள்ல கொண்டாந்து விட்டுடுவான் பாரு," என்றார் காதர் அண்ணே. இருவரும் சிரித்தோம். அதன்பிறகு ரொம்ப நாள், சாயங்காலமானால் தெருமுனையில் போய் நிற்பார். வண்டி வரவே இல்லை. இப்போது அவரும் இல்லை, அந்தச் சந்தும் இல்லை.

நேற்று பேரன் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தான். "எப்படி தாத்தா?" என்றான். "நல்லா இருக்குடா," என்றபடி குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.